குன்றிமணி அளவு செந்தூரம்

அவர் சமைத்த கடையில் கேட்டது கிடைக்காது. அவர் எதைத் தரலாம் என்று நினைக்கிறாரோ, அதுதான் கிடைக்கும்.

பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பத்து மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. அவர் சமையல். நான் பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, தட்டுகளைக் கொண்டுபோய் வைப்பவன். ஒருவர் இருமிக்கொண்டே ஐஸ் போட்ட தே ஓ, அதாவது பாலில்லாத் தேநீர், கேட்டால், உள்ளேயிருந்து சுக்குத் தண்ணீர் வரும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அன்னாசிப் பச்சடி கேட்டால், பாத்திரம் நிறைய வைத்துக்கொண்டே "முடிஞ்சிருச்சு" என்பார். கொண்டுபோய் வைக்கிறவன் நான் என்பதால் திட்டு எனக்குத்தான் விழும்.

இனிப்பு நீர் உள்ள ஒரு வாடிக்கையாளர், கூட்டாளியை விட்டுப் பாயசம் வாங்கித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். சமையற்கட்டிலிருந்து அவர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"பாயசம் வேணுமா, கால் வேணுமா? ரெண்டும் கிடைக்காது."

அந்த ஆள் இரண்டு வாரம் கடைப் பக்கம் வரவில்லை. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அந்த ஆளே வந்து, வழக்கமான மூலையில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் கைப்பக்குவம் அப்படி. அதனால்தான் அவரை வேலையை விட்டு நிறுத்தவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்பதுதான். பதிலை முழுதாகக் கேட்க மாட்டார். பாதியிலேயே எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். நானோ ஒரு பேச்சை எடுக்கவே நேரம் பிடிக்கிறவன். ஆரம்பப் பள்ளியிலும் அப்படித்தான், எழுந்து நின்று நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பையன் பதிலைச் சொல்லிவிடுவான். அவரோடு ஏழு வருடம் ஒரே கடையில் வேலை, டத்தோ கிராமாட்டில் ஒரே அறையில் வாசம். அந்த ஏழு வருடத்தில் நான் சொல்ல வந்ததைக் கடைசிவரை அவரிடம் சொல்லி முடித்ததாக நினைவில்லை.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்பது இங்கே தேவையில்லை. நுரையீரலில் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திரைச்சீலையை இழுத்துவிட்டு டாக்டர் மெதுவாகச் சொன்னார். தினமும் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க, ஒரு வேளையும் தவறக்கூடாது என்றார். அறைக்குத் திரும்பிய அன்றே அவர் மாத்திரைப் பாட்டிலைப் பார்த்துவிட்டார். தரையைப் பார்த்தபடி நோயின் பெயரைச் சொன்னேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "பத்தியம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் சாப்பிடலாம்னு..."

"பத்தியம் இல்லாத மருந்து ஒரு மருந்தாடா?"

டாக்டர் மறந்துவிட்டதாக அவர் முடிவு செய்துகொண்டார். அன்றைக்கே பத்தியத்தை அவரே வகுத்தார். அகத்திக்கீரை கூடாது, மருந்து முறிந்துவிடும். பாகற்காய் கூடாது, அதுவும் முறிக்கும். மாங்காய் ஊறுகாய், கத்தரிக்காய், கருவாடு எதுவும் கூடாது. பாகற்காய் என்றால் எனக்கு உயிர். ஒருநாள் கடையில் மிஞ்சிய பாகற்காய் வறுவலை என் தட்டில் போட்டுக்கொண்டேன். அவர் வந்து தட்டோடு எடுத்துக் குப்பையில் கவிழ்த்துவிட்டுப் போனார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மருந்து முறிவது என்றால் அவருக்கு விளையாட்டல்ல. ஒருமுறை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். சுங்கை பாக்காப்பில் இருந்தபோது அந்த அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்துத் தேறி வந்த ஏழாவது நாள், பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் மீன் பொரித்துக் கொடுத்தாராம். ஒன்பதாவது நாள் அந்த அம்மா போய்விட்டார். அந்தச் சொந்தக்காரர் வீட்டில் அவர் அதன் பிறகு தண்ணீர்கூடக் குடித்ததில்லை. மீனால்தானா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் யார் கேட்பது?

கடையில் விஷயம் எப்படியோ கசிந்தது. எனக்கென்று ஒரு தட்டும் குவளையும் ஒதுக்கி, பின்பக்கக் குழாயடியில் வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, தட்டு மட்டும் தனியாக இருந்தது. நான் அதிலேயே சோறு போட்டுக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். என் தட்டில் கையை விட்டு, நான் பிசைந்து வைத்திருந்த சோற்றிலிருந்து மூன்று நான்கு கவளம் சாப்பிட்டார். எல்லோரும் பார்க்கும்படி நிதானமாகச் சாப்பிட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து தட்டுகள் எல்லாம் ஒன்றாகவே கழுவப்பட்டன. அதற்குப் பிறகு அவர் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆறு மாதத்தில் இரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்றார்கள். ஆனால் என் உடம்பு மட்டும் தேறவில்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை. தைப்பூச விடுமுறைக்குச் சுங்கை பாக்காப் போனவர், அங்கே ஒரு வைத்தியரிடமிருந்து இரண்டு சின்னப் புட்டிகள் வாங்கி வந்தார். ஒன்றில் சிவப்பாக அயச் செந்தூரம், இரும்பைப் புடம் போட்டது. இன்னொன்றில் வெள்ளையாகச் சங்கு பற்பம்.

"மாத்திரை கிருமியக் கொல்லும். ஒடம்பத் தேத்துறது இதுதான். ரெண்டும் சேர்ந்தே உள்ள போகணும்" என்றார்.

காலையில் பசியாறும் முன், வெறும் வயிற்றில், என் இடது உள்ளங்கையில் தேனை விடுவார். தீக்குச்சியின் பின்பக்கத்தால் செந்தூரத்தை எடுத்துக் குன்றிமணி அளவு தூவுவார். வெள்ளைப் பொடியையும் போட்டு, விரலால் குழைத்து, மாத்திரையை நடுவில் வைத்து அழுத்தி, "ம்" என்பார். மருந்து என்றால் அதைக் குழைத்துச் சாப்பிட ஒரு துணை வேண்டும், அனுபானம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரைக்கும் அனுபானம் உண்டு என்று நினைத்த ஆள் பினாங்கில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் ஒல்லியாகவே இருந்ததால், ஒரு குன்றிமணி ஒரு மாதத்தில் மூன்றானது. வெள்ளைப் பொடி கால் தேக்கரண்டிக்கு ஏறியது.

நான்கு மாதம் கழித்து இரத்தம் எடுத்தபோது கிருமி மறுபடியும் தெரிந்தது.

டாக்டர் கேட்டார், மாத்திரையை விட்டுவிட்டீர்களா? இல்லை என்றேன். நர்ஸ் மிஸ்ஸி கேட்டார், இல்லை என்றேன். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த மலாய்ப் பெண் பாட்டிலைத் திறந்து மிச்சம் இருப்பதைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் என்னைப் பார்த்த பார்வை நம்பிய பார்வையாக இல்லை. பொய் சொல்கிறவன் என்று நினைக்கிறார்கள் என்பது புரிந்தது. அந்த ஒரு விஷயத்தில்தான் நான் பொய்யே சொல்லவில்லை. அடுத்த சோதனையில் கிருமி இன்னும் ஏறியிருந்தது. இந்த மருந்தை எதிர்க்கக் கிருமி கற்றுக்கொண்டுவிட்டதா என்று பார்க்க இன்னொரு இரத்தம் எடுக்க வேண்டும், அப்படி ஆகியிருந்தால் இந்த மாத்திரை இனி உதவாது, வேறு மருந்துகளிலும் சில கைவிட்டுப் போகலாம் என்றார் டாக்டர்.

ஒவ்வொரு முறையும் அந்த மருந்துப் பெண் ஒரு கேள்வி கேட்பார். வேறு மருந்து, ஜாமு, மூலிகை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நான் ஒவ்வொரு முறையும் "தாக் அடா", இல்லை என்பேன். "அங்க போய் இதெல்லாம் சொல்லாத. அவங்களுக்கு விளங்காது" என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தச் சொன்னால் அவரிடம் போய் யார் சொல்வது? ஒருநாள் துணிந்து ஆரம்பித்தேன்.

"அண்ணே, இந்தச் செந்தூரம் சாப்பிட்டதுல இருந்து..."

"நெஞ்சு எரியுதா? நெய்யில கொழச்சித் தர்றேன்."

மறுநாள் தேனுக்குப் பதில் நெய் வந்தது.

அந்த மாதம் மருந்துப் பெண் கேள்வியை மாற்றிவிட்டார். ஜாமு உண்டா என்று கேட்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததிலிருந்து வேலைக்குப் போகும்வரை வாயில் போடுவதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார். தண்ணீர் என்றேன். மாத்திரை என்றேன். எதோடு என்றார். நெய், முன்பு தேன் என்றேன். நெய்யில் என்ன என்றார். சிவப்பும் வெள்ளையும் என்றேன். கைப்பேசியில் படம் இருந்தது, காட்டினேன். சிவப்பு இரும்பு, வெள்ளை கடல் சங்கைச் சுட்டது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பொறுமையாகச் சொன்னார். இரும்பும் சங்கில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் வெறும் வயிற்றில் இந்த மாத்திரையோடு போனால், மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரை இரத்தத்துக்குப் போகாமல் வயிற்றோடு வந்து வயிற்றோடு போய்விடும். நீங்கள் ஒரு வேளையும் விடவில்லை, ஆனால் உடம்புக்கு மருந்து சரியாகச் சேரவும் இல்லை. இரும்பு தேவையென்றால் டாக்டர் கொடுப்பார், அப்போதும் மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். இந்தப் புட்டிகளில் அரசாங்க அனுமதி ஸ்டிக்கர் இல்லை, வேறு என்ன கலந்திருக்கிறதோ தெரியாது, அடியோடு நிறுத்திவிடுங்கள்.

பாகற்காய் சாப்பிடலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார்.

வரும் வழியெல்லாம் எனக்குள் கொதித்தது. ஒன்றும் செய்யாத பாகற்காயைத் தட்டோடு கொட்டினார். மருந்தை முறிப்பதைத் தன் கையாலேயே குழைத்து ஊட்டினார். இதை இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று படியேறினேன். அவர் எனக்காக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னடா சொன்னாங்க என்றார். நான் வாயைத் திறந்தேன். "முகம் வாடியிருக்கு, மொதல்ல சாப்பிடு" என்றார். அவ்வளவுதான், சாப்பிட்டேன்.

சொல்லவில்லை. வேறொன்று செய்தேன். மாத்திரைப் பாட்டிலை என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்; மாத்திரையை எடுத்துப் போடுவது என் வேலையானது. காலையில் அவர் குழைத்துக் கொடுப்பதை நக்கிவிட்டு, மாத்திரை போடுவதுபோல வெறும் கையை வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தேன். உண்மையான மாத்திரையை மதியம் மூன்று மணிக்கு, கடை ஓய்ந்த நேரத்தில், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று போட்டுக்கொண்டேன். மருந்துப் பெண்ணிடம் பொடியை நிறுத்திவிட்டேன் என்றேன். இவரிடம் மாத்திரையை அதோடுதான் சாப்பிடுகிறேன் என்று காட்டினேன். இரண்டு பக்கமும் பொய்.

கிருமி இன்னும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று முடிவு வந்தது. மூன்று மாதத்தில் இரத்தம் மறுபடி சுத்தமானது. நான் சொன்னதும் அவர் கேசரி கிண்டினார். என் தட்டில் இரண்டு கரண்டி வைத்தார். "செந்தூரம் செந்தூரம்தான்" என்றார். முதலாளியிடம் சொன்னார், தட்டை ஒதுக்கி வைத்தவர்களிடம் சொன்னார். நான் கேசரியைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேன். மாத்திரையைத் திருட்டுத்தனமாகத் தின்று பிழைத்துக்கொண்டிருக்கிறேன், பெயர் அந்தச் சிவப்புப் பொடிக்குப் போகிறது. கோபமாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்கு என்ன கெடுதல், எனக்கு நல்லதுதானே நடக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். இப்படியே மொத்தம் ஒன்பது மாதம் ஓடியது.

அந்த மாதங்களில் அவரும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்திருந்தார். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்தான். நான் உள்ளே போய் வரும்வரை அவர் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வாய் சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் கடைசியாக வந்த அன்று, எங்களுக்கு முன்பே ஒரு லாரி உதவியாளர் உட்கார்ந்திருந்தார். முந்தின தடவை அவரிடம் இவர் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊர் சுங்கை பாக்காப் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணே, நீங்க குடுத்த பொடிய மூணு மாசமா விடாம மாத்திரையோட சாப்பிடுறேன். கிருமி திரும்ப வந்துருச்சுங்கிறாங்க. மாத்திரைய விட்டுட்டேன்னு டாக்டர் ஏசுறாரு. எம் பிள்ள மேல சத்தியமா விடலண்ணே."

எனக்குத் தெரியாமல் அதே இரண்டு புட்டிகளை அந்த ஆளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"அளவு பத்தலப்பா. ரெண்டு குன்றிமணியாக்கு" என்றார் அவர். "இந்தா, இவனும் உன்னமாதிரிதான் இருந்தான். இப்ப பாரு, இரத்தம் சுத்தம். நான் சொன்னா நம்ப மாட்ட, அவனையே கேளு. சொல்லுடா தம்பி."

நடைவழியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த லாரிக்காரர் என் வாயையே பார்த்தார்.

"நான் மாத்திரையோட அதச் சாப்பிடுறதில்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மாத்திரையோட சாப்பிட்டப்பதான் எனக்கும் கிருமி ஏறிச்சு. அந்தப் பொடி மாத்திரையப் பிடிச்சுக்குது. உள்ள விடாது. ஒம்பது மாசமா மாத்திரைய மதியத்துல தனியாப் போட்டுக்கிறேன். அதான் சுத்தமாச்சு. நீங்க நிறுத்திடுங்க. உள்ள போயி பொடியப் பத்திச் சொல்லிடுங்க."

அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு எழுந்து அந்த லாரிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எண்ணுக்குக் காத்திராமல் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போனார். இந்த ஆள் ஒரு வேளைகூட மாத்திரையை விடவில்லை, பொடி கொடுத்தது நான், ஏசுவதானால் என்னை ஏசுங்கள் என்று மலாயில் சொன்னார். அந்தப் பெண் ஏசவில்லை. எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். அவர் கீரை கூடுமா, பால் கூடுமா, நெய் கூடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலையும் முழுதாகக் கேட்ட பிறகுதான் அடுத்ததைக் கேட்டார். லாரிக்காரரை இரத்தம் எடுக்க உள்ளே அனுப்பினார்கள்.

லாரிக்காரருக்கு மருந்தை மாற்ற வேண்டி வந்ததா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் தேதிகள் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலிகளைப் பார்க்கிறேன். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அந்த ஆள் அங்கே அப்படி நின்றிருக்க மாட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். வெயில் கொளுத்தியது. சாலையைப் பார்த்தபடி அவர் கேட்டார்.

"அப்ப தெனமும் வெறுங்கையத்தான் வாயில போட்டியா?"

"ஆமாண்ணே."

"நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே."

"ஆமாண்ணே."

எங்கள் பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. கதவு மூடி, பஸ் போய்விட்டது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்னடா செஞ்சிருப்பேன்?" என்றார். "கத்தியிருப்பேன். அவ்வளவுதான."